குத்தாத உறை

வெர்ன்,

பீன்ஸைச் சூடு பண்ணிக்கொள், சோளரொட்டி அடுப்பில் இருக்கிறது. மத்தியானம் பேத்தி கேஸி வருகிறாள்.

துப்பாக்கிக்கு நீ வாங்கிய புது உறையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கத்தாதே. “இடுப்புல இருக்கறதே தெரியல, லொரெட்டா!” என்று குதித்தாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, அது இருப்பதே தெரியாமல்தான் சோபாவில் தூங்கிப்போனாய். கேஸி உன் சட்டையைத் தூக்கி, “தாத்தா, இது என்ன?” என்று கை வைத்தாள். நான்தான் ஓடிவந்து அவளை இழுத்தேன். அன்றிலிருந்து நான் உன்னோடு பேசாதது அதனால்தான்.

பழைய தோல் உறை மேஜைமேல் இருக்கிறது. உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது என்பாய். குத்தட்டும். அது குத்திக்கொண்டிருந்தவரை, வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய்.

லொரெட்டா

பி.கு.: கேஸி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னைத்தானே கேட்டாள், நீயே சொல்.