ஞாபகப் பரிசோதனையும் பேரனும்

அன்புள்ளவளுக்கு,

நேற்று ஞாபகப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்ன ஐந்து வார்த்தைகளில் இரண்டுதான் நினைவில் நின்றன. கிழமையையும் தப்பாகச் சொன்னேன்.

"ராத்திரி நல்லா தூங்குறீங்களா? வீட்ல பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி எங்க மக வீட்ல பேரனைப் பாத்துக்கிறா" என்றேன்.

"தூக்கம் கெட்டாலும் மனசு சோர்ந்தாலும் மார்க் குறையும். பயப்படாதீங்க. அடுத்த மாசம் திரும்பப் பாக்கலாம், துணைக்கு ஆளோட வாங்க."

உன் மடியில் அவன் தூங்கும் படம் வந்தது. முளைத்தது இரண்டு பல், அதற்குள் உன்னை மொத்தமாக வளைத்துப்போட்டுவிட்டான். என்னோடு பேசும்போது அவன் சிணுங்கினால் உடனே போனை வைத்துவிடுகிறாய்.

நீ வர வேண்டாம், அவனையே கொஞ்சிக்கொண்டிரு. எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிப்போகிறேன். மகளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. உன்னை இன்றைக்கே வண்டியேற்றிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்