இன்ஜினுக்குப் பார்த்த பாவம்

அண்ணே,

இன்று காலை உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உன் பழைய காரின், உன் செல்லக் காடியின், கதவைத் திறந்தேன். பெட்ரோலும் தோல் சீட்டும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. நான் அழுவேன் என்றுதான் அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கிள்ளானிலிருந்து என் பிக்கப்பில் வந்து இறங்கும்போதெல்லாம், "லோரிக்காரி வந்துட்டா லா" என்பாய். கேட்டரிங் அண்டாக்களைச் சுமக்கும் வண்டிதான். ஆனால் ஏர்கோன் உண்டு, பட்டனை அழுத்தினால் கிளம்பும். உன்னுடையதைச் சோக் இழுத்து, கெஞ்சி, கொஞ்சிக் கிளப்ப வேண்டும். ஜாமில் சூடேறினால் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனாலும் கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் உன் காடியில்தான் ஏறினார்கள். வியர்த்துக் கொட்டினாலும் போட்டோவில் அழகு, அதை நான் மறுக்கவில்லை. "உன் வண்டி சாமான் ஏத்தும், என் வண்டி மனுஷனை ஏத்தும்" என்று எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பாய்!

அன்று நெஞ்சு வலிக்கிறது என்றாய். என் பிக்கப் வாசலில் நின்றது. "ஏறுண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன்.

"வெறும் கேஸ்தான். உன் லோரிலலாம் ஏற முடியாது."

உன் காடிச் சாவியைப் பிடுங்கப் பார்த்தேன், நீ விடவில்லை. வேறு வழியில்லாமல் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் ஜாம். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. ஓரமாக நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய்.

"காடிய விடுண்ணே, வேற வண்டிய நிப்பாட்டுறேன்."

"கொஞ்சம் இரு. இன்ஜின் பாவம் லா."

இன்ஜின் பாவமா? உன் நெஞ்சு பாவமில்லையா? வெறும் கேஸ் என்று நீ சொன்னதை நம்பி வீட்டில் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்த அண்ணி பாவமில்லையா? பானெட்டைத் தூக்கிய கையோடு சரிந்தாய். யாரோ ஒரு மலாய்க்காரர் தன் பிக்கப்பை நிறுத்தி உன்னைப் பின்சீட்டில் கிடத்தினார். ஆஸ்பத்திரி சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் உன்னைத் திட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை. "கடைசி வரைக்கும் அந்தக் காடியோட ராஜா மாதிரி வாழ்ந்தாரு" என்று புகழ்ந்தார்கள். ஒருவர் அதற்கு மாலைகூடப் போட்டார். பிய்த்தெறியக் கை துடித்தது. அண்ணி முகத்துக்காகச் சும்மா இருந்தேன்.

இன்று அண்ணி சாவியை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். உன்மேல் உள்ள கோபமே எனக்குப் போதும். நீ சரிந்த அந்தச் சாலையில் ஜாமில் மாட்டும்போதெல்லாம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தனியாகக் கத்துகிறேன்: "இறங்காதண்ணே! உள்ளயே உக்காரு!"