சிமிழின் மூடியில் ஐந்து வாசகங்கள்

திருவும் வலியும் நாளும் பெருகுக. ஏழு ஆற்றுக்கும் இரு மலைக்கும் உடையவரான செவ்வேலி நாட்டு அரசர் வேலிகாத்த பெருமான் திருவுளப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் கண்டன் மாறவேளான், முகில்கோட்டை நாட்டைத் தம் குடைநிழலில் வைத்துக் காக்கும் அடலேறு கோமான் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மதில்கள் உறுதியோடு நிற்க, தங்கள் குதிரைகள் நோயின்றி இருக்க, தங்கள் திருமகனார் நலமுடன் விளங்க வாழ்த்துகிறான். முகச்சாந்து செய்யும் தங்கள் சாந்துச்சாலையை வாழ்த்துவதற்கு மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை, பொறுத்தருள்க. திருமுன் எழுதுகையில் 'நான்' என்று சொல்லும் வழக்கம் எம் நாட்டில் இல்லையாதலால், அமைச்சன் தன்னையும் இவ்வோலையில் அயலான்போலவே குறிப்பான். அவன் செய்ததைச் சொல்வதற்கு அது வசதியாகவும் இருக்கிறது.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. எம் இளவரசி ஒளிவளை நாச்சியாரின் முகம் வெந்ததற்கு அரண்மனை மேனிக்காவலாள் அரிஞ்சியின் கவனக்குறைவே காரணம் என்றும், குற்றம் செய்த கையில் சூடிட்டு, அவ்வுள்ளங்கையை மெழுகில் ஒற்றிச் சான்றாக அனுப்பினாலன்றித் தங்கள் திருமகனாருடன் திருமணம் நடவாது என்றும் எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாத ஒருத்தியின் தலையில் பழியைக் கட்டிவிட்டுக் கைகழுவுவது எவ்வளவு எளிது என்று அமைச்சன் அந்த ஓலையை இரண்டு முறை படித்து அறிந்துகொண்டான்.

அரிஞ்சி யாரென்று தாங்கள் அறியமாட்டீர்கள். எம் அரச குடும்பத்தார் மேனியில் படவேண்டிய மஞ்சளானாலும் தைலமானாலும் முதலில் அவள் முழங்கையின் உட்புறத்தில் படும். இரண்டு நாள் நிழலில் இருப்பாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் முற்றத்து வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். பதினாறு ஆண்டுகளாக இதுவே அவள் ஊழியம். அவள் கையில் உள்ள வடுக்கள் ஒவ்வொன்றும் எம் நாச்சியார் முகத்தில் வந்திருக்க வேண்டியவை.

மணப்பரிசாக முகச்சாந்து நிறைந்த தங்கள் வெள்ளிச் சிமிழ் வந்தது நாச்சியாரின் நகர் ஊர்வலத்துக்கு முதல் நாள். மூடியில் ஐந்து வாசகங்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன: இயற்கையானது, தூயது, மணம் சேராதது, எல்லா மேனிக்கும் ஏற்றது, சோதித்தது. அரிஞ்சி அமைச்சன் முன் வந்து நின்றாள். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுமாறு ஓலைநாயகத்துக்கு ஆணை. தாங்களும் ஒருமுறை அவள் குரலைக் கேட்பது நல்லது. "மூணு நாளு குடுங்க ஐயா. மூடியில எழுதுனவங்க நம்ம நாச்சியார் மொகத்தக் கண்டாங்களா? எங் கையி இருக்கையில அவுக மொகத்தை எதுக்குப் பணயம் வைக்கிறீங்க?" அமைச்சன் சிரித்தான். சம்பந்தியாகப் போகிறவர் முத்திரையிட்டு 'சோதித்தது' என்று அனுப்பியதை மறுபடி சோதிப்பது அவமதிப்பு ஆகும் என்றான். ஒரு நறுக்கோலையில் 'சோதனை வேண்டா' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் உச்சிவேளையில் நாச்சியார் அந்தச் சாந்தைப் பூசிக்கொண்டு யானைமேல் எழுந்தருளினார். மூன்றாம் தெரு திரும்புமுன் கன்னம் சிவந்தது. மக்கள் அதை நாணம் என்று நினைத்து ஆரவாரித்தார்கள். அன்று மாலை காந்தல் பொறுக்காமல் துடித்தார். அடுத்த நாள் முகமெங்கும் கொப்புளம். அவை உடைந்து ஆறிய இடமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. கருமை மாற ஓராண்டு ஆகலாம், மாறாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். நாச்சியாருக்கு வயது பத்தொன்பது. அறையிலிருந்த கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். அதைத் திருப்பி வைத்தவள் அரிஞ்சி.

அமைச்சன் தன் ஆளைத் தங்கள் சாந்துச்சாலைக்கு அனுப்பி விசாரித்தான். சாலைத்தலைவன் எதையும் ஒளிக்கவில்லை; வெற்றிலை மென்றுகொண்டே எல்லாவற்றுக்கும் விடை சொன்னானாம். முகம் பொலிவதற்காக நார்த்தங்காய்த் தோலைப் பிழிந்த எண்ணெய் சேர்த்தார்களாம். மரத்தில் காய்த்தது, ஆகவே இயற்கையானது. உண்மைதான். வண்ணார் துணிக்குக் குறியிடும் சேராங்கொட்டையும் மரத்தில்தான் காய்க்கிறது. அதைக் கன்னத்தில் தடவிக்கொள்வார் எவருமில்லை. தூயது என்றால், அந்த எண்ணெயில் வேறெதுவும் கலந்து அதன் காரத்தைக் குறைக்கவில்லை என்று பொருளாம். பிறகு ஏன் சிமிழைத் திறந்ததும் நார்த்தை மணம் வீசிற்று என்று எம் ஆள் கேட்டான். மணத்துக்கென்று கத்தூரியோ பன்னீரோ சேர்க்கவில்லை, எண்ணெய் பொலிவுக்காகச் சேர்த்தது, அதன் மணம் தானாக வந்தது, ஆகவே மணம் சேராததுதான் என்று விடை வந்தது. எல்லா மேனிக்கும் ஏற்றது என்னும் வாசகத்தை எழுதியவர் யாரென்று அவனுக்கே நினைவில்லையாம். அவன் தந்தை காலத்திலிருந்து எல்லாச் சிமிழிலும் அப்படித்தான் எழுதி வருகிறார்களாம்.

எஞ்சியது ஐந்தாவது வாசகம். சோதித்தது உண்மை. சாலைப் பெண்கள் பதினொருவர் முகத்தில் பூசிப் பார்த்திருக்கிறார்கள். நிழலில் அமர்ந்து அரைக்கும் எழுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் மூலிகை உலர்த்தும் நால்வருக்கும் முகம் வெந்தது. தெரிந்தும் ஏன் அவ்வாறு பொறித்தீர் என்றதற்கு, சோதித்தோம் என்பதில் பொய்யில்லையே, என்ன கண்டோம் என்று எழுத மூடியில் இடமில்லை என்று வாய் கூசாமல் சொன்னானாம்.

ஆதலின் வேலிகாத்த பெருமான் ஆணை இது. இனிச் செவ்வேலி எல்லைக்குள் வரும் எந்தச் சாந்திலும் தைலத்திலும், சேர்ந்த பொருள் யாவை, எவ்வளவு, யார்மேல் பூசினீர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று முழுதும் எழுதியிருக்க வேண்டும். இடம் போதாதெனில் சிமிழைப் பெரிதாகச் செய்க. முகம் வெந்த அந்த நால்வருக்கும் தங்கள் மருத்துவரை அனுப்புக. அவர்கள் பெயர்கூடச் சாலைத்தலைவனுக்குத் தெரியவில்லை. மணமாலையும் மோதிரமும் இத்துடன் திரும்பி வருகின்றன. அரிஞ்சியின் கை வெந்தால்தான் நடக்கும் மணம் தமக்கு வேண்டாம் என்பது நாச்சியார் தம் வாயால் சொன்னது.

எனினும் குற்றம் செய்த கைக்குச் சூடு கேட்டீர்கள். அது நியாயமான கோரிக்கை என்று எம் அவை கண்டது. எந்தக் கை என்று ஆராய நெடுநேரம் ஆகவில்லை. நறுக்கோலை அவை நடுவே வைக்கப்பட்டது. எழுத்து யாருடையது என்று அமைச்சன் எழுந்து சொன்னான். அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாமென்று அழுதவள் அரிஞ்சி ஒருத்தியே.

எழுத்தாணி பிடிக்க இயலாமையால் அமைச்சன் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. வேலிகாத்த பெருமானின் வேலி முத்திரை இட்டது. தாங்கள் கேட்ட மெழுகு இவ்வோலையுடன் பட்டில் சுற்றி வருகிறது. தங்கள் அவையோர் அறிய அவிழ்த்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கைக்கு அது சற்றுப் பெரிதாகத் தோன்றும்.