சாரா வீட்டுச் சாக்கடை

பெங்களூரு,
10.2.2025

அன்புள்ள சாராவுக்கு,

நீயும் டென்சில் அண்ணனும் நலம்தானே? போன வாரம் உன் வீட்டில் தங்கி, வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

லேப் வேலையாக உங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பின் சாக்கடைத் தண்ணீரை மாதாமாதம் எடுத்துப் போய்ச் சோதிக்கிறேன் அல்லவா, அதில் டைஃபாய்டு கிருமி வருகிறது. உன் பக்கத்து வீடு வரை இல்லை. உன் வீட்டைத் தாண்டியதும் இருக்கிறது. காய்ச்சலே இல்லாதவர் உடம்பிலும் அது வருஷக்கணக்கில் குடியிருக்கும். எந்த வீடு என்று வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் நீ ஸ்டேஷனில் இட்லி விற்கிறவள், நான் எப்படிச் சும்மா இருப்பேன்? இரண்டு பேரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை கடை வேண்டாம். கோபப்படாதே, எனக்குத் தூக்கமே இல்லை.

உன் ஜெனிட்டா

ஸ்கெலட்டன்,
2.3.2025

ஜெனிட்டாவுக்கு சாரா எழுதிக்கொண்டது.

திரும்பத் திரும்பப் பரிசோதித்துவிட்டார்கள். எனக்கும் இல்லை, என் வீட்டுக்காரர் டென்சிலுக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த யாரோ ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். கோரமண்டல் ஸ்டேஷனில் மறுபடி கடை போட்டால், பெங்களூர் ரயிலுக்கு நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தினமும் என்னிடம் வாங்கும் ரோனி அண்ணன் மட்டும் கிட்டே வந்து, "இன்னா சாரா, உன் வூட்ல டைஃபாய்டாமே?" என்றார். இட்லியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

மாதாமாதம் என் வீட்டில் படுத்து, என் கையால் தின்று, என் சாக்கடையையே மோந்து பார்த்தாயே. உனக்கு என்னடி செய்தேன்?

சாரா

பெங்களூரு,
16.3.2025

சாரா,

உன் கடிதம் வந்ததும் பழைய முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு மாதம் உன் சாக்கடை சுத்தமாக இருந்திருக்கிறது. அந்த மாதம் நான் வரவில்லை. என் உதவியாளர் பவ்யா வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பினாள். மற்ற மாதங்களிலெல்லாம் நான் உன் வீட்டில் தங்கி, உன் கக்கூஸுக்குப் போன பிறகுதான் தண்ணீர் எடுத்திருக்கிறேன்.

என்னைச் சோதித்துக்கொண்டேன். கிருமி என்னிடம்தான் இருக்கிறது. ஏழாவது படிக்கும்போது எனக்கு வந்த காய்ச்சல் உனக்கு நினைவிருக்கும், அது என்னை விட்டுப் போகவே இல்லை. ஊரையெல்லாம் சோதித்தவள் என்னை விட்டுவிட்டேன். உங்களுக்கு ஒட்டாதது கர்த்தர் கிருபை.

மருந்து தொடங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் மைக் வாங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெனிட்டா

ஸ்கெலட்டன்,
19.3.2025

ஜெனிட்டா,

மருந்தை நடுவில் நிறுத்திவிடாதே.

சபையில் சொல்ல வேண்டாம். அங்கே என்னிடம் இட்லி வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. திங்கட்கிழமை காலை ரயிலுக்கு முன்னால் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வா. பிளாட்பாரத்தில் எல்லார் எதிரிலும் சொல். சொன்ன கையோடு அங்கேயே காசு கொடுத்து இட்லி வாங்கி, நின்று சாப்பிடு. ரோனி அண்ணன் பார்க்கட்டும்.

ஞாயிறு ராத்திரி பக்கத்தில் பங்காருபேட்டையில் எங்காவது தங்கிக்கொள். வீட்டுக்குக் கூப்பிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

சாரா