விரல் நகராத அத்தியாயம்

அண்ணி,

இன்று காலை உங்கள் தகரப்பெட்டியைத் திறந்தேன். குழந்தைக்கு விரிக்க ஒரு பழைய சேலை வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கியதுமே புளியங்கொட்டைப் பசையின் வாடை வந்தது. சேலைகளுக்கு அடியில், நாம் ஒட்டித் தைத்த தொடர்கதைப் புத்தகம். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு இந்த எட்டு மாதத்தில் நான் அதைத் தேடவும் இல்லை, மறக்கவும் இல்லை.

நான் பெரியவளானதும் ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றது உங்களுக்குத் தெரியும். வெளியாள் வந்தால் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் வீட்டுக்குள் எனக்கு ஒரு பேச்சு வேலை இருந்தது. அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று சொல்வது.

எல்லாம் மறுவீட்டுக்கு உங்கள் ஊர் குரும்பலூருக்குப் போனபோது ஆரம்பித்தது. உங்கள் சொந்தக்காரர்கள் முன்னால், எங்கள் வீட்டு ஜோடி மாட்டைச் சந்தையில் தானே பார்த்துப் பேசிப் பிடித்ததாக அண்ணன் பெருமையாகச் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “மாடு புடிச்சது உங்கப்பாவாச்சே! நீங்க அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தீங்கன்னு அத்தை சொன்னாங்களே” என்றுவிட்டீர்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. அதோடு சரி. இரண்டு வருஷம் அண்ணன் உங்களிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

“பாப்பா, சோறு போடச் சொல்லு” என்பார் என்னிடம். நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கரண்டியோடு நிற்பீர்கள். “கொழம்பா ரசமான்னு கேளு பாப்பா” என்பீர்கள். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். “ஆம்பளைன்னா அப்புடித்தான் இருப்பான். போகப் போகச் சரியாயிரும்” என்பாள் அம்மா.

ஒரு நாள் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: “மாட்டைக்கூடப் பேரு சொல்லித்தான் கூப்புடுறாரு. இந்த வூட்டுல எனக்குத்தான் பேரில்ல.”

அந்த நாட்களில்தான் போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா படித்து முடித்த வாரப்பத்திரிகை நமக்கு வர ஆரம்பித்தது. கணவன் முகம் கொடுக்காத ஒரு பெண்ணின் கதை அதில் தொடராக வந்தது. தான் யார், எதற்கு இந்த வீட்டில் இருக்கிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. பின்கட்டில் கடலை உடைத்துக்கொண்டு கேட்பீர்கள். நான் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பேன். விரலை எடுத்தால் எனக்கு வரி தவறிவிடும்.

ஒரு வாரம், கணவனின் அறைக் கதவைத் தட்ட அவள் கையை உயர்த்தியதோடு கதை நின்றது. அடுத்த இதழ் வந்தபோது அந்தப் பக்கங்களைக் காணோம். போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா அவற்றைக் கிழித்து ஊறுகாய் ஜாடிக்கு வாய்க்கட்டுக் கட்டிவிட்டாராம்.

“தட்டுனாளா, இல்லியா? சொல்லு பாப்பா” என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதழை மடியில் விரித்து, ஒரு தைல விளம்பரத்தைப் பார்த்தபடி, படிப்பதுபோல நானே சொன்னேன். அவள் கதவைத் தட்டவில்லை. கையை இறக்கினாள். “என்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடமே சொல்லுங்கள். மற்றவரிடம் சொன்னால் இனி என் காதில் விழாது” என்று வெளியே நின்றே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்த வார்த்தைகள் எனக்குள் எங்கே இருந்தன என்று இன்றுவரை தெரியவில்லை. உங்கள் கை கடலை உடைப்பதை நிறுத்தியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். “பாப்பா, தண்ணி கொண்டாரச் சொல்லு.”

நீங்கள் அசையவில்லை. “தண்ணி வேணுங்கிறவங்களை என்னையக் கேக்கச் சொல்லு பாப்பா.”

அண்ணன் எச்சில் கையோடு எழுந்து கிணற்றடிக்குப் போனார். “என்னாடி இது புதுப் பழக்கம்? நாளைக்கே கரியில ஓடுற பஸ்ஸுல ஏத்திக் குரும்பலூருக்கு அனுப்பிருவேன்” என்று அம்மா கத்தினாள். நான் மாட்டுக்கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டேன். இல்லாத ஒன்றைச் சொல்லி உங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்று நாள் அண்ணன் தானே நீர் இறைத்துக் குடித்தார். நான்காம் நாள் ரசச்சோற்றில் அவருக்கு விக்கல் எடுத்தது. என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு உங்கள் பெயரைச் சொன்னார். “தண்ணி குடு” என்றார்.

நிறைந்த செம்பு ஏற்கெனவே உங்கள் முதுகுக்குப் பின்னால் கையில் இருந்தது. “மெதுவாக் குடிங்க” என்றீர்கள். அன்றோடு அந்த வீட்டில் என் வேலை போயிற்று.

பிறகு உங்கள் தலைப்பிரசவத்துக்குத் துணையாகக் குரும்பலூர் வந்தேன். பக்கத்து வீட்டில் அந்தப் பழைய இதழ் முழுசாகக் கிடைத்தது. உண்மையான அத்தியாயத்தில் அவள் கதவைத் தட்டி, உள்ளே போய், கணவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். உங்கள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “தெரியும் போ. அன்னைக்கு உன் விரலு ஒரே எடத்துல நின்னுச்சு, நகரவே இல்ல.”

“அப்பறம் ஏன் அண்ணி கேட்டீங்க?”

“அச்சுல இருந்தாத்தான் கேக்கணுமா? நீ சொன்னதை எழுதிக் குடு. அதையே நடுவுல வச்சு, சேத்து வச்சிருக்கற தாளையெல்லாம் தைப்போம்.”

என் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். நீங்கள் பசை காய்ச்சினீர்கள். கோணி ஊசியால் தைத்தோம். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பதினோராம் நாள் உங்களுக்கு ஜுரம் வந்தது.

இன்று நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணன் வந்தார். வாங்கிப் புரட்டினார். “நடுவுல என்ன, கையெழுத்தா இருக்கு? யாரு எழுதுனது?”

நான் தலையைக் குனிந்தேன். நீங்கள் சிரித்தது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, “நான்தாண்ணே எழுதுனேன்” என்றேன்.

“படி” என்றார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். என் எழுத்தின் மேலேயே என் விரல் வரிவரியாக நகர்ந்தது. ‘என்னிடமே சொல்லுங்கள்’ என்ற இடம் வந்ததும் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்காமலே, “அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் பாப்பா” என்று ஆரம்பித்தார்.

அந்த நோட்டில் மீந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். இன்னும் சில தாள்கள் இருக்கின்றன. அவற்றையும் நிரப்புவேன். ஆனால் முதலில் என் பழைய வேலை. இன்னும் ஒரே ஒரு தரம் நடுவில் நின்று சொல்லிவிடுகிறேன், அண்ணி.

அன்றைக்கு அவருக்கு விக்கலே எடுக்கவில்லையாம்.