ஞாயிறு காலைத் தண்ணீர்

மாமாங்கேஸ்வரர் துணை

டோர்செட் பார்க், ஸ்காபறோ
14 யூன் 2009, ஞாயிறு பின்னேரம்

அன்பின் தேனுகாவின் அப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று எந்நேரமும் நேர்ந்துகொண்டிருக்கும் புஸ்பராணி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். தொலைபேசி எடுத்தால் உங்கள் பக்கம் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. ஒருநாள், வேலைக்காகப் போன இடத்தில் உங்களோடு ஒரே அறையில் இருக்கும் அகஸ்ரின் தம்பி எடுத்தார். அண்ணை வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், ஆனால் ஒருவரோடும் கதைப்பதில்லை என்றார். கதைக்காதவருக்குக் கடிதம் எழுதலாம்தானே. வாசிப்பதற்கு வாய் திறக்கத் தேவையில்லை.

தேனுகாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. உங்களைப் போலவே நித்திரையில் கதைக்கிறாள், ஆனால் இங்கிலிசில் கதைக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்குவதில்லை. கட்டிடத்தில் ஒரு லிஃப்ட் இன்னும் பழுது. நீங்கள் பல்கனியில் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலை குளிரில் கருகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினேன், அது பரவாயில்லை.

இந்த வசந்தம் எனக்கு நித்திரையில் நடப்பதுபோலப் போகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் இறங்கவேண்டிய இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. அஜின்கோர்ட்டில் யாருடைய வீட்டு மரத்தின் கீழோ நிற்பேன். தோளில் வெள்ளைப் பூ கொட்டியிருக்கும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு திரும்பி நடப்பேன். பயப்படாதீர்கள், வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு புதினம் இருக்கிறது. மாசி மாதத்திலிருந்து நான் நீந்தப் போகிறேன். சிரிக்காதீர்கள். வாவிக்கரையில் பிறந்தும் பெரியபிள்ளை ஆனபிறகு கணுக்காலுக்கு மேலே தண்ணீர் பட விடாமல் வளர்த்த பெண்கள்தானே நாங்கள். இங்கே சமூக நிலையத்துத் தடாகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் பெண்களுக்கு மட்டும் என்று லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் ஏழாம் மாடி றோஸ்மேரி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற உயரமான கறுப்பினப் பெண்மணி. அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து அயலார் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். புதன் பின்னேரம் கூடுவார்கள். நிறத்துக்காகவோ, பெயருக்காகவோ, பேச்சுக்காகவோ யாரையாவது வேலையில், பள்ளிக்கூடத்தில், றோட்டில் தள்ளி வைத்தால் வந்து சொல்லலாம். ஒரு சட்டத்தரணி வந்து இலவசமாக ஆலோசனை சொல்வார். பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அலுமாரி, அதில் எங்களைப் போன்ற முகங்கள் உள்ள புத்தகங்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் தண்ணீருக்காகத்தான் போனேன்.

நான்காம் மாடிச் சந்திரவதனா அக்காவை வரச்சொல்லிக் கேட்டேன். "உதுகளோட போய் ஒரு தண்ணியில இறங்குறதோ? நீர் மட்டக்களப்பு ஆக்கள், உமக்கு உதெல்லாம் சரிவரும்" என்றார். நான் தனியே போனேன்.

அங்கே கூரையில் பெரிய கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வெளியே உறைபனி, உள்ளே ஆவி. சோமாலியாப் பெண்கள், ஆப்கானிஸ்தான் பெண்கள், ஒரு சீனத்து அம்மா, எல்லோரும் புகைக்குள் நிழல் மாதிரி நடப்பார்கள். சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முதலில் மல்லாந்து கிடக்கப் பழக்கினார்கள். றோஸ்மேரி முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் வைத்திருந்தார். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகம் நின்றுபோயிற்று. ரிவிச் செய்தி இல்லை, தொலைபேசி மணி இல்லை. மேலே வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கைகளை அவர் எப்போதோ எடுத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

சித்திரையும் வைகாசியும் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அன்னையர் தினத்தன்று எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையை மறித்து இருந்தார்களே, அன்றைக்கு நானும் தேனுகாவும் அங்கே நின்றோம். அடுத்த நாள் பஸ்ஸில் ஒருவன் எங்களைப் பார்த்துத் துப்பினான். தேனுகா துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். அந்தக் கிழமையே நிலையத்துக்குப் புகார் போயிருக்கிறது. பொதுத் தடாகத்தில் சிலருக்கு மட்டும் என்ன தனி நேரம் என்று. ஞாயிற்றுக்கிழமை மணித்தியாலத்தை நிறுத்திவைத்துவிட்டு, ஊர்க்கூட்டம் வைத்துத் தீர்மானிப்போம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமைதான் ஊரில் எல்லாம் முடிந்தது. இங்கே மகாராணி பிறந்தநாள் விடுமுறை. பொழுதுபடும் நேரம் எல்லாப் பக்கமும் வாணம் விட்டார்கள். சிவப்பும் பச்சையுமாக வானம் வெடித்துக்கொண்டிருந்தது. தேனுகா பல்கனிக் கதவை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அப்போதுதான் உங்களுக்கு எடுத்தேன். நீங்கள் எடுத்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்றுதான் நினைத்தேன். றோஸ்மேரி வந்து கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். என் சப்பாத்தை எடுத்து வைத்தார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். றோஸ்மேரிதான் முதலில் எழும்பினார். அவருடைய தாய் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவராம். சிறுபிள்ளையாக இருக்கும்போது ஊர்த் தடாகத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்று மற்றப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்ப்பாராம், உள்ளே விடமாட்டார்களாம். சாகும்வரை அவருக்கு நீந்தத் தெரியாது என்றார். அவர் குரல் உயரவேயில்லை.

பிறகு ஒரு வயதான மனிதர் எழும்பினார். முதலில் எங்கள் நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள், இப்போது எங்கள் தடாகத்தையும் பிடிக்கிறார்கள் என்றார். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. தேனுகா என் கையைப் பிடித்து, "அம்மா, ப்ளீஸ், இருங்கோ" என்றாள். எனக்கு அது தூரத்தில் கேட்டது. எப்படி எழும்பினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஓம், நானும் அங்க நின்டன்" என்றேன். "எங்கட ஆக்கள் சாகிறாங்க எண்டு சொல்லத்தான் நின்டன். ஆருட றோட்டையும் நாங்க எடுத்துக்கொண்டு போக இல்ல. இந்தத் தண்ணியையும் கொண்டுபோக மாட்டம். அதில கிடந்தா என்ட காதுக்கு ஒண்டும் கேக்காது. அந்தக் கொஞ்ச நேரத்த மட்டும் விடுங்க."

தேனுகா எழும்பி அதை இங்கிலிசில் சொன்னாள். நான் சொன்னதைவிட அவள் நீளமாகச் சொன்னாள். அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனம் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே வந்தால் சந்திரவதனா அக்கா நிற்கிறார். பின் வரிசையில் இருந்திருக்கிறார். பிள்ளை என்ன சேர்த்துச் சொன்னாள் என்று கேட்டேன். சண்டை முடிந்த அந்தக் கடற்கரையில்தான் தன் சித்தப்பாவும் என்று சொன்னாளாம். அக்கா என் தோளைப் பிடித்து, "இருக்கிறார் எண்டு சொல்லேல்லை, புஸ்பம். இருந்தவர் எண்டுதான் பிள்ளை சொன்னது" என்றார்.

சித்தப்பாவைப் பற்றி நாங்கள் பயந்ததை அவளிடம் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கோடை முடியும்வரை மணித்தியாலத்தைத் தந்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் பார்ப்பார்களாம். புதன் பின்னேரங்களில் வட்டத்தின் தொலைபேசியில் இப்போது நான் இருக்கிறேன், தமிழில் எடுப்பவர்களுக்காக. நிறையப் பேர் எடுக்கிறார்கள். மில்லிக்கனிலிருந்து ராகவன் என்று ஒருவர் எடுத்தார், சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அலுவலகத்தில் ஒருவர் அவரையும் இலங்கைக்காரர் என்று நினைத்து, உன் நாட்டுக்கே போ என்றாராம். 'நான் அந்த ஊர் இல்லைங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு, ஆனா சொல்லலைங்க' என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சட்டத்தரணி வருகிற நாளைச் சொன்னேன். அவர் உடனே வைக்கவில்லை.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். போன கிழமை உங்கள் தம்பியின் மனைவி எமில்டா எடுத்தாள். செட்டிகுளம் அகதி முகாமில், யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியிலிருந்து. அவளும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். சின்னவனுக்குக் காலில் காயம், ஆறி வருகிறதாம். நான் கேட்பதற்கு முதலே, "அவர் எங்களோட வரேல்லை அக்கா" என்றாள். பிறகு உங்களைக் கேட்டாள். "அத்தான்ட குரல ஒருக்காக் கேக்கவேணும்" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் எடுப்பார் என்றேன். வேறு என்ன சொல்ல?

இன்று காலை தடாகத்தில் என்னால் மிதக்க முடியவில்லை. கிடந்தால் தாழ்ந்துகொண்டே போனேன். றோஸ்மேரி வந்து கையைக் கொடுத்தார். யார் போனது என்று கேட்டார். என் கணவரின் தம்பி என்றேன். பெயர் என்ன என்று கேட்டார். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் வட்டமாக வந்து, மல்லாந்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். என்னையும் நடுவில் பிடித்துக் கிடத்தினார்கள். அந்தக் கரையில் சந்திரவதனா அக்கா, முதல்தடவை வந்தவர், படியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

ஒருவர் பின் ஒருவராகத் தம்பியின் பெயரைச் சொன்னார்கள். ஒருவருக்கும் சரியாக வரவில்லை. அம்புராசா என்றார்கள், அன்பரோசா என்றார்கள். சீனத்து அம்மா ராசா, ராசா என்று மட்டும் சொன்னார். என் காது தண்ணீருக்குள் இருந்தது, ஆனாலும் கேட்டது. மேலே கண்ணாடியில் வெயில் ஏறி, தண்ணீர் எல்லாம் வெள்ளையாகி, எங்கே வானம், எங்கே தண்ணீர் என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் இன்னும் கனபேர் கிடப்பதுபோல இருந்தது. ஒருவர் முகத்திலும் வலி இல்லை. நான் அழுதேன். தண்ணீருக்குள் அழுதால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தம்பியின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மாலை போடவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. அதை நீங்கள்தான் செய்யவேண்டும், நான் செய்யக்கூடாது. எமில்டாவுக்கும் உங்கள் குரல்தான் வேண்டும், என்னுடையது இல்லை. லீவு கேட்டால் தருவார்கள், தராவிட்டாலும் வாருங்கள். அகஸ்ரின் தம்பி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். பயணத்தில் சாப்பிடாமல் இருக்கவேண்டாம்.

வந்தபின் எங்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று யோசிக்காதீர்கள். தேனுகா ஒன்றும் கேட்கமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். சோறு போடுவேன், சாப்பிடுங்கள். பிறகு எப்போது உங்களுக்கு அழவேண்டும்போல இருக்கிறதோ, அப்போது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருப்போம்.

வழித்துணையாக ஆண்டவன் இருப்பான். வாருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
புஸ்பராணி