அறுநூறு டாலர் விதி

ஓக் பெண்ட், அயோவா
15 ஜூன் 1998

அன்புள்ள தம்பி டுவேனுக்கு,

அக்கா மார்லிஸ் எழுதுவது. நானும் உன் அத்தான் வெர்லினும் நலம். அலாஸ்காக் குளிரில் டப்பாவில் மீன் அடைத்து அடைத்து உன் விரல்கள் என்ன கதியில் இருக்கின்றனவோ. அனுப்பிய கையுறையைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் போட்டுக்கொள்.

இங்கே சோளம் முழங்கால் உயரம். எங்கள் வாசல் புல்லும் முழங்கால் உயரம். அதற்குக் காரணம் உன் அத்தான்தான்.

குளிர்காலத்தில் நடந்த மண்தடக் கார்ப் பந்தய ஓட்டுநர் கூட்டத்தில் மேசையைத் தட்டி ஒரு விதி கொண்டுவந்தார். "காசு இருக்கறவன் புதுசு புதுசா மாட்டிக்கிட்டே போனா, நம்மள மாதிரி ஆளு வீட்ல உக்காந்து டி.வி. பாக்க வேண்டியதுதான்!" என்று ஒரே முழக்கம். ஜெயித்த வண்டியின் நாலு ஷாக் அப்சார்பரையும், அந்தப் பந்தயத்தை ஓடி முடித்த யாரும் அறுநூறு டாலர் கொடுத்துக் கழற்றிக்கொண்டு போகலாம். மறுத்தால் வெற்றி செல்லாது. இனி எவன் மூவாயிரம் கொட்டி ஷாக் வாங்குவான்? எல்லோரும் கைதட்டினார்கள்.

மே மாதம் எங்கள் புல்வெட்டும் வண்டியைக் காணோம். "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பாதிரியார் அதன்மேல் உட்கார்ந்து தேவாலயத்துப் புல்லை வெட்டியபடி எனக்குக் கையசைக்கிறார். நேரே கொட்டகைக்குப் போய் உன் அத்தானின் பந்தய வண்டிக்கு அடியில் குனிந்தேன். புல்வெட்டும் வண்டியைப் பாதிரியாரிடம் விற்ற காசில் வாங்கிய நாலு புத்தம்புது ஷாக். பழசு போலத் தெரிய மேலே துரு நிறத்தில் பெயின்ட்!

"யாருடி கேக்கப் போறா? நான் ஜெயிச்சு பதினோரு வருஷமாச்சு" என்றார். அது உண்மைதான்.

முந்தாநாள் சனிக்கிழமை ஜெயித்துத் தொலைத்தார்.

மண் அலை அலையாகக் கிளம்பி மற்ற வண்டிகளெல்லாம் துள்ள, அவர் வண்டி மட்டும் கயிறு கட்டி இழுத்தது போல வளைவில் திரும்பியது. அதே பந்தயத்தில் நம் பழைய வண்டியை ஓட்டித் தள்ளாடிக்கொண்டிருந்த என்னையே இரண்டு முறை தாண்டினார்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அழுதேவிட்டார். கடைசியாக ஓடி முடித்து வந்து நின்ற நானும் கைதட்டினேன்.

அப்போதுதான் கூட ஓடிய ராட்னி கோபெல் பணத்தை எண்ணிக்கொண்டு வந்தான். "என்ன வெர்லின், துருப்பிடிச்ச ஷாக்குதானே? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுக்குது?"

முதலில் யார் பணம் பரிசோதகரின் மேசையைத் தொடுகிறதோ அவருக்கே ஷாக். இதையும் எழுதியவர் உன் அத்தான்தான். பாதிரியாரிடம் முன்பணம் கொடுத்து வண்டியை மீட்க என் சட்டைப் பைக்குள் அறுநூறு வைத்திருந்தேன். ராட்னி எண்ணி முடிப்பதற்குள் மேசையில் அறைந்தேன். நானும் ஓடி முடித்தவள்தானே! பரிசோதகர் அயோன் அம்மாள் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, "பொண்டாட்டி கேக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே" என்றார். மைதானமே சிரித்தது. ராட்னிகூட.

வீட்டுக்கு வரும் வழியில், "அது என் ஷாக்குடி" என்றார் உன் அத்தான்.

"விதிதாங்க உங்களோடது. ஷாக் என்னோடது" என்றேன். ஷாக்குக்கு விலையாக அவர் கைக்குப் போன அறுநூறையும் வாங்கி, நேற்று ஆராதனை முடிந்ததும் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டேன். கோப்பை அவருக்கு. ஷாக் என் வண்டியில்.

இரண்டு வருடம் முன்னால் நீ ஷாக்கை மாற்றச் சொன்னபோது அவர் கத்தியதும், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போனதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. மத்தியானம் முழுக்க என் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர், தலையை வெளியே நீட்டாமலே, "ஈர மண்ணுக்கு இடது பின்பக்க ஷாக்க எவ்வளவு திருகணும்னு உன் தம்பிக்குத் தெரியும். நான் கேட்டேன்னு எழுதிடாத" என்றார்.

எழுதிவிட்டேன்.

தம்பி, பதிலைக் கடிதத்தில் எழுதாதே. மீன் சீசன் முடிந்ததும் நேரில் வந்து நீயே திருகிக் கொடு. அதுவரை கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
மார்லிஸ்